இரவில் நடக்கும் சேதம்

சர்க்கரை நோய் கண்ணைக் கெடுக்கும் என்பதை மருத்துவ உலகம் முழு மனதோடு ஒப்புக்கொள்ள ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. உயிருள்ள மனிதரின் விழித்திரையை நேரடியாகப் பார்க்கும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் செய்து கொடுத்தார். நான்கைந்து ஆண்டுகளுக்குள் வியன்னாவில் எட்வர்ட் யேகர், சர்க்கரை நோயாளி ஒருவரின் விழித்திரையில் மஞ்சள் புள்ளிகளையும் ரத்தக் கசிவையும் கண்டு பதிவு செய்தார். அன்றைய ஐரோப்பியக் கண் மருத்துவத்தில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்த ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே, இரண்டுக்கும் தொடர்பு நிரூபணமாகவில்லை என்றார். லண்டனில் நெட்டில்ஷிப் 1872-இலும், ஜெர்மனியில் மான்ஸ் 1876-இலும், ஹிர்ஷ்பெர்க் 1890-இலும் சான்றுகளை அடுக்கினார்கள். ஆனாலும் ரத்த அழுத்தமும் முதுமையும்தான் காரணம் என்ற பேச்சு ஓயவில்லை. 1940-களில் கிளாஸ்கோவில் பாலன்டைன், விழித்திரையின் நுண் ரத்தக்குழாய்ச் சுவரிலேயே தொடக்கத்தில் கோளாறு இருப்பதைக் காட்டிய பிறகே வாதம் அடங்கியது. இவ்வளவு தாமதத்துக்குக் கொடுமையான ஒரு காரணமும் உண்டு. இன்சுலின் வருவதற்கு முன், இளம் வயதில் சர்க்கரை நோய் கண்டவர்கள் கண் கெடும் காலம் வரை உயிரோடு இருக்கவில்லை. 1922-இல் டொராண்டோவில் முதல் ஊசி போடப்பட்ட பிறகு அவர்கள் பிழைத்தார்கள். பிழைத்து, பதினைந்து இருபது ஆண்டு கழித்துப் பார்வையை இழக்கத் தொடங்கினார்கள்.

இந்த நோயை இரவோடும் உடலின் நாள்கடிகாரத்தோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இன்று புதிதாக முளைத்தது போலப் பேசப்படுகிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அதற்கான தடயம் குறைந்தது மூன்று தடவை கையில் கிடைத்தது. முதல் இரண்டு தடவையும் ஓரமாக வைக்கப்பட்டது. மூன்றாவது இன்னும் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை. ஓரமாக வைத்தவர்களை அசட்டையானவர்கள் என்று சொல்ல முடியாது. அவர்கள் கையில் இருந்த வேறொரு வழி மனிதர்களின் பார்வையைக் காப்பாற்றியது. அதனால் மற்றதை விட்டார்கள். ஆனால் அந்த வழி எப்படிப் பலித்தது என்று தோண்டிப் பார்த்தால் மறுபடியும் இரவிடமே வந்து நிற்கிறோம். அதைத்தான் இங்கே எடுத்துக்காட்ட முயல்கிறேன்.

முதல் தடயம் மூளையின் அடியில், பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வந்தது. கணையம் நீக்கப்பட்ட நாய்களுக்குப் பிட்யூட்டரியையும் நீக்கினால் சர்க்கரை நோயின் கடுமை குறைகிறது என்று அர்ஜென்டினாவில் பெர்னார்டோ ஹூசே 1930 வாக்கில் கண்டறிந்தார். 1947-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. 1953-இல் டென்மார்க்கைச் சேர்ந்த பவுல்சன் என்ற மருத்துவர் ஒரு பெண்ணின் கதையை வெளியிட்டார். சர்க்கரை நோயாளியான அவருக்குப் பிரசவத்துக்குப் பின் பிட்யூட்டரி செயலிழந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அவர் விழித்திரையில் இருந்த பாதிப்பு மறைந்துவிட்டது. எந்த மருந்தாலும் பின்வாங்காது என்று எல்லோரும் கைவிட்டிருந்த நோய், ஒரு சுரப்பி அணைந்ததும் தானாகப் பின்வாங்கியது. ஸ்டாக்ஹோமில் லுஃப்டும் ஒலிவெக்ரோனாவும் பிட்யூட்டரியை அறுவை செய்து எடுத்தார்கள். லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் கதிரியக்க இட்ரியத்தைச் சுரப்பிக்குள் செலுத்தி அதை அழித்தார்கள். பலருக்குப் பார்வை நின்றது, புதிதாக முளைத்த ரத்தக்குழாய்கள் வாடின. விலையோ பெரிது. அறுவைக்குப் பின் வாழ்நாள் முழுவதும் கார்ட்டிசோன் சாப்பிட வேண்டும். சர்க்கரை திடீரென்று பாதாளத்துக்கு இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். குழந்தைப்பேற்றுக்கான வழியும் அடைபடும். கண் போகாமலிருக்க இத்தனையையும் ஏற்றுக்கொண்டு அறுவை மேசையில் படுத்தவர்களை நினைத்தால், குருட்டுத்தன்மை எவ்வளவு அஞ்சப்பட்டது என்பது விளங்கும்.

பிட்யூட்டரி சுரக்கும் பலவற்றுள் எது குற்றவாளி என்ற தேடலில் வளர்ச்சி ஹார்மோன்மேல் சந்தேகம் விழுந்தது. அதே சமயத்தில்தான், 1968-இல், அமெரிக்காவில் டாகாஹாஷி, கிப்னிஸ், டவ்கடே ஆகியோர் தூங்குகிறவர்களின் ரத்தத்தை இரவு முழுவதும் சோதித்து, வளர்ச்சி ஹார்மோன் பெருவாரியாகச் சுரப்பது ஆழ்ந்த உறக்கத்தின் முதல் ஓரிரு மணி நேரத்தில் என்று காட்டினார்கள். 1970-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் லுண்ட்பெக்கும் அவர் குழுவினரும், சர்க்கரை நோயாளிகளின் ரத்தக்குழாய்ச் சேதத்துக்கு வளர்ச்சி ஹார்மோன் மிகுதியே காரணம் என்ற கருதுகோளை முன்வைத்தார்கள். பிறவியிலேயே அந்த ஹார்மோன் சுரக்காத, சர்க்கரை நோயும் உள்ள குள்ள உருவினரிடம் விழித்திரைப் பாதிப்பு காணப்படவில்லை என்று மெரிமி அதே காலத்தில் எழுதினார். இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால், கண்ணைக் கெடுக்கும் பொருள்களுள் ஒன்று இரவில், உடல் குறித்த நேரத்தில், உறக்கத்தோடு சேர்ந்து வருகிறது என்ற முடிவு கண்முன் கிடந்தது. 1980-களில் விடியற்காலையில் சர்க்கரை ஏறும் நிகழ்வை விளக்கியபோதும், இரவில் சுரந்த வளர்ச்சி ஹார்மோன்தான் முதன்மையான காரணமாகச் சுட்டப்பட்டது. இந்தச் சான்றுகளை மிகைப்படுத்தக் கூடாது. வளர்ச்சி ஹார்மோன் இருந்தும் அதற்கு உடல் இசையாத லாரோன் நோயினர் சிலருக்கு விழித்திரைப் பாதிப்பு வந்திருக்கிறது. அந்த ஹார்மோனைக் குறைக்கும் மருந்துகளும் பிற்காலச் சோதனைகளில் உறுதியான பலன் தரவில்லை. ஆகவே அது ஒற்றைக் குற்றவாளி அல்ல. ஆனால் கருதுகோளோடு சேர்ந்து அதன் நேரக்குறிப்பும் காணாமல் போனதுதான் இழப்பு.

காணாமல் போகக் காரணம் ஒளி. 1945 ஜூலை சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்து விழித்திரை கருகிய ஒருவரைப் பரிசோதித்த ஜெர்மானியக் கண் மருத்துவர் கெர்ட் மேயர்-ஷ்விக்கராட்டுக்கு, தீமை செய்த அதே சூட்டை அளவோடு பயன்படுத்தினால் என்ன என்று தோன்றியது. முதலில் சூரிய ஒளியையே கண்ணாடிகளால் திருப்பிக் கண்ணுக்குள் செலுத்தினார். மேகம் வந்தால் சிகிச்சை நின்றுவிடும். 1950-களில் செனான் விளக்கு வந்தது. 1960-களில் ரூபி லேசர், பிறகு ஆர்கான் லேசர். பாஸ்டனில் பீதமும் அய்யெலோவும் வேறொன்றைக் கவனித்தார்கள். பழைய தழும்பு நிறைந்த விழித்திரை, கடுமையான கிட்டப்பார்வையால் மெலிந்த விழித்திரை, இவற்றைச் சர்க்கரை நோய் அவ்வளவாகத் தாக்குவதில்லை. அப்படியானால் விழித்திரையின் ஓரம் முழுவதும் நாமே தழும்பு போட்டுவிட்டால்? 1968-இல் வர்ஜீனியாவில் ஏர்லி ஹவுஸ் என்ற இடத்தில் வல்லுநர்கள் கூடிப் பிட்யூட்டரி அறுவையையும் ஒளிச் சூட்டையும் எதிரெதிரே நிறுத்திப் பேசினார்கள். அதன் பின் அமெரிக்காவில் 1,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் ஒரு கண்ணுக்குச் சூடு போட்டு, மறு கண்ணை அப்படியே விட்டு ஒப்பிட்ட பெருஞ்சோதனை நடந்தது. 1976-இல் முடிவு வந்தது: கடும் பார்வையிழப்பின் அபாயம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. பிட்யூட்டரி அறுவை விரைவில் வழக்கொழிந்தது. யாரும் வருந்தவில்லை, வருந்தவும் வேண்டியதில்லை.

இரண்டாவது தடயம் இந்த வெற்றிக்குள்ளேயே இருந்தது. விழித்திரையைச் சுட்டால் அது ஏன் பிழைக்கிறது? லேசர் முதலில் அழிப்பது ரத்தக்குழாயை அல்ல. அடியில் உள்ள நிறமிப் படலத்தையும் அதன்மேல் நிற்கும் ஒளியுணர் செல்களையும். அவற்றுள் பெரும்பாலானவை மங்கலொளியில் பார்ப்பதற்கான குச்சி செல்கள். ஒரு கண்ணில் சுமார் 12 கோடி உண்டு. இந்தச் செல்களின் இயல்பு நம் பொது அறிவுக்கு நேர் எதிரானது. வெளிச்சத்தில் உழைத்து இருட்டில் ஓய்வெடுப்பவை அல்ல அவை. இருட்டில்தான் அவற்றின் வாயில்கள் திறந்து சோடியம் உள்ளே பாய்ந்தபடி இருக்கும்; பாய்ந்ததை வெளியேற்ற விடிய விடிய எரிபொருள் செலவாகும். ஒளி பட்டதும் வாயில் மூடி, செலவு குறைகிறது. ஹேகின்ஸும் தோழர்களும் இந்த இருள் மின்னோட்டத்தை 1970-இல் அளந்தார்கள். பூனைகளின் விழித்திரைக்குள் நுண்முனை செலுத்தி அளந்த லின்சென்மையர், இருளில் ஆக்சிஜன் மிகத் தாழ்ந்த அளவுக்கு இறங்குவதைக் காட்டினார். நல்ல ரத்தக்குழாய் உள்ளவருக்கு இது பொருட்டல்ல. சர்க்கரையால் நுண்குழாய்கள் அடைபட்டவருக்கு ஒவ்வோர் இரவும் மூச்சுத்திணறல். திணறும் திசு புதிய ரத்தக்குழாய்களை அழைக்கும் வேதிச் செய்தியை அனுப்புகிறது. அந்தப் புதுக்குழாய்கள்தாம் உடைந்து கண்ணுக்குள் ரத்தத்தைக் கொட்டுகின்றன. லண்டனில் ஜெஃப்ரி ஆர்டன் இதைக் கோத்துச் சொன்னார். மாலைக்கண்ணில் தொடங்கிக் குச்சி செல்களை ஒவ்வொன்றாக அழிக்கும் பரம்பரை நோய் உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோயும் இருந்தால், விழித்திரைப் பாதிப்பு வராததை 2001-இல் அவர் எடுத்துக்காட்டினார். பாஸ்டன் மருத்துவர்கள் தழும்பில் கண்டதும் இதுவே. லேசர் செய்வது என்னவென்றால், இரவில் அதிகம் உண்ணும் வாய்களைக் குறைப்பது. பிழைத்தவருக்கு மத்தியப் பார்வை நிற்கிறது. இருட்டில் நடக்கும் ஆற்றலும் ஓரப் பார்வையும் குறைகின்றன. சிகிச்சையின் பலனும் அதன் பக்கவிளைவும் ஒரே இடத்தில், இரவில் சந்திக்கின்றன.

இருளை இதுவரை வெறும் ஒளியின்மையாகப் பேசினேன். அது உடலுக்கு நேரம் சொல்லும் குறியும்கூட. 1729-இல் பிரான்சில் தெ மெரான், தொட்டாற்சிணுங்கியை இருட்டறையில் வைத்தும் அதன் இலைகள் நேரப்படி விரிந்து மூடுவதைக் கண்டதிலிருந்து இந்தத் துறை தொடங்குகிறது. 1971-இல் கொனோப்காவும் பென்சரும் பழ ஈயில் கடிகார மரபணுவைப் பிடித்தார்கள். அதன் இயக்கத்தை விளக்கிய ஹால், ரோஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் நோபல் கிடைத்தது. தமிழகத்துக்கு இதில் உண்மையான பங்கு உண்டு. ஜெர்மனியில் எர்வின் பியூனிங்கிடம் பயின்ற எம்.கே. சந்திரசேகரன், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இந்த ஆய்வை வேரூன்றச் செய்தார். சமண மலைக் குகைகளின் வௌவால்கள் அவர் குழுவின் ஆசிரியர்கள். வெளியுலக நேரமே தெரியாமல் மனிதர்கள் தங்கும் தனிமையறையும் அங்கே கட்டப்பட்டது. 1978-இல் சுப்பராஜும் அவரும், வெளிச்சத்தில் வைத்த வௌவாலுக்குச் சிறிது நேரம் இருட்டைக் கொடுத்தாலே அதன் கடிகாரம் முன்பின் நகர்வதைக் காட்டினார்கள். இருளும் ஒரு தூண்டல் என்பதற்கு மதுரை தந்த சான்று அது. அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான், 1976-இல், அதே நகரில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியிருந்தார். சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைப் படங்களைக் கணினியே படித்துச் சொல்லும் முறைக்குப் பிற்காலத்தில் படம் கொடுத்த இடங்களில் அதுவும் ஒன்று. சங்க நூலான மதுரைக்காஞ்சியே அல்லங்காடியைப் பேசும் ஊர், இன்றும் தூங்கா நகரம் என்று பெயர் வாங்கிய ஊர். இரவு வாழ்க்கைக்கும் கடிகார ஆய்வுக்கும் கண் மருத்துவத்துக்கும் இதைவிடப் பொருத்தமான கூட்டு முகவரி கிடையாது.

கண்ணுக்கும் தனிக் கடிகாரம் உண்டு என்பது வேறு வழியில் தெரிந்தது. எலியின் குச்சி செல்கள் ஒவ்வொரு விடியலிலும் தம் நுனியை உதிர்க்கின்றன. நிரந்தர இருட்டிலும் அந்த நேரத்துக்கே உதிர்க்கின்றன என்று லாவேல் 1976-இல் கண்டார். 1983-இல் தவளையின் கண்ணை வெளியே எடுத்து வைத்தும் அது நாள்கணக்கைப் பின்பற்றுவதை பெஷார்ஸும் யுவோனும் நிறுவினார்கள். மூன்றாவது தடயம் 2009-இல் பியூசிக், கிராண்ட் குழுவினரிடமிருந்து வந்தது. பழுதான ரத்தக்குழாய்ச் சுவரைச் செப்பனிடும் செல்கள் எலும்பு மஜ்ஜையிலிருந்து நாள் முழுவதும் சீராக வெளிவருவதில்லை. குறிப்பிட்ட நேரத்தில் அலையாக வருகின்றன. சர்க்கரை நோயுள்ள எலியின் மஜ்ஜைக்குச் செல்லும் நரம்புகள் முதலில் பட்டுப்போகின்றன, அலை தட்டையாகிறது, அதன் பிறகே விழித்திரையில் குழாய்கள் செத்து வெறும் கூடாகின்றன. 2013-இல் இன்னும் நேரான சான்று கிடைத்தது. சர்க்கரை நோயே இல்லாத, ஒரு கடிகார மரபணு மட்டும் கெட்ட சுண்டெலிகளின் விழித்திரையில் அதே செத்த குழாய்கள் தோன்றின. இதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். எலி இரவில் விழித்திருக்கும் பிராணி. அதன் இரவு நமக்குப் பகல். ஆகவே எலியிடம் கண்ட நேரத்தை அப்படியே மனிதனுக்கு எழுதிவிட முடியாது. ஓய்வு நேரத்துக்கும் செப்பனிடலுக்கும் உள்ள உறவை மட்டுமே எடுத்துக்கொள்ளலாம்.

இனி மறுப்புகள். வலுவானது இதுதான்: சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தாலே கண் காக்கப்படும் என்பது நிரூபணமானபோது கடிகாரத்தை ஏன் இழுக்க வேண்டும்? 1993-இல் வெளியான அமெரிக்க, கனடியப் பெருஞ்சோதனையில், இன்சுலினைத் தீவிரமாகக் கையாண்டவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பு புதிதாகத் தோன்றும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. இந்த எண்ணுக்கு முன் எந்தக் கருதுகோளும் பணிய வேண்டும், நானும் பணிகிறேன். ஆனால் சர்க்கரை அளவு என்பதே நேரத்தோடு கட்டுண்ட ஒன்று. பாஸ்டனில் ஷீரும் தோழர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நலமுள்ள சிலரின் உறக்கத்தையும் உணவையும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்பியபோது, சில நாள்களிலேயே அவர்களுள் சிலரின் ரத்தச் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையை எட்டியது. ஷிப்டு மாறி மாறி வேலை செய்த அமெரிக்கச் செவிலியரை நெடுங்காலம் கவனித்த ஆய்வு, 20 ஆண்டுக்கு மேல் அப்படி உழைத்தவர்களுக்குச் சர்க்கரை நோய் அபாயம் 58 சதவீதம் கூடுவதாக 2011-இல் சொன்னது. உடல் எடையைக் கணக்கில் சேர்த்ததும் அந்த உயர்வு பாதிக்கும் கீழே இறங்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கடிகாரம் சர்க்கரைக்குப் போட்டிக் காரணம் அல்ல. சர்க்கரை செய்யும் சேதத்தின் நேரத்தையும் அதைச் செப்பனிடும் நேரத்தையும் நிர்ணயிப்பது.

இரண்டாவது மறுப்பு கசப்பானது. இரவுக் கொள்கை உண்மையானால், இரவைச் சரிசெய்யும் சிகிச்சை பலித்திருக்க வேண்டுமே? ஆர்டனின் எண்ணத்தை வைத்துத் தூக்கத்தில் அணியும் ஒளிமுகமூடி செய்தார்கள். மூடிய இமை வழியே மெல்லிய ஒளி புகுந்து குச்சி செல்களின் இருள் உழைப்பைக் குறைக்கும் என்பது கணக்கு. சோபா சிவபிரசாத் தலைமையில் பிரிட்டனில் 308 பேரிடம் 24 மாதம் நடந்த சோதனையின் முடிவு 2018-இல் வந்தது: பயன் இல்லை. தூக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவர்களுக்குக் காற்றழுத்தக் கருவி பொருத்தியும் விழித்திரை வீக்கம் உள்ளோரின் பார்வை மேம்படவில்லை என்று அதே ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு சொன்னது. இவற்றை நழுவவிட்டுப் பேசுவது நேர்மையல்ல. நோய் வேரூன்றி வீக்கம் கண்ட பிறகு இரவின் ஒரு கூறை மட்டும் மாற்றினால் போதாது என்பதை இவை நிறுவுகின்றன. வீக்கத்துக்கு முந்தைய பத்து ஆண்டுகளில் இரவு என்ன செய்கிறது என்ற கேள்வியை இவை தொடவில்லை. பிட்யூட்டரிக் கருதுகோள் அதன் சிகிச்சையோடு சேர்த்துப் புதைக்கப்பட்டது போல, முகமூடியோடு இருளையும் சேர்த்துப் புதைத்துவிடுவோமோ என்பதுதான் என் அச்சம்.

நோய்தான் கடிகாரத்தைக் கெடுக்கிறது, கடிகாரம் நோயை அல்ல என்றும் சொல்வார்கள். அதுவும் உண்மையே, ஆனால் பாதி. உடலின் தலைமைக் கடிகாரத்துக்குப் பகல் இரவைச் சொல்லும் செல்கள் விழித்திரையிலேயே இருக்கின்றன. மெலனாப்சின் என்ற ஒளியுணர் பொருளைக் கொண்ட இவை பார்ப்பதற்கல்ல, நேரமறியவே பெரிதும் பயன்படுபவை என்பது 2002 வாக்கில்தான் தெரிந்தது. சர்க்கரை நோயாளிகளிடம் இவற்றின் செயல் மங்குவதைக் கண்மணி சுருங்கும் விதத்தை வைத்து அளந்திருக்கிறார்கள். முற்றிய விழித்திரைப் பாதிப்பு உள்ளவர்களின் ரத்தத்தில் இரவு மெலடோனின் குறைந்திருப்பதை ஜப்பானிய ஆய்வு ஒன்று 2011-இல் பதிவு செய்தது. கண் கெட்டால் நேரம் மங்குகிறது. நேரம் மங்கினால் சர்க்கரை ஏறுகிறது. சர்க்கரை ஏறினால் கண் மேலும் கெடுகிறது. வட்டத்தில் எது முந்தி என்று தேடுவதைவிட, எந்த இடத்தில் கை வைக்க முடியும் என்று தேடுவது பயன் தரும். நோயாளிகளுக்கு இது ஏற்கெனவே வேறு விதமாகத் தெரியும். மையப் பகுதியில் நீர் கோத்தவர்கள் பலர், எழுந்ததும் பார்வை மங்கலாக இருந்து வெயில் ஏற ஏறத் தெளிவதாகச் சொல்வார்கள். அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி கருவி வந்த பிறகு அளந்து பார்த்தபோது, இரவு படுத்தெழுந்த விழித்திரை காலையில் தடித்தும் பகல் போகப் போக மெலிந்தும் இருப்பது உறுதியானது. முற்பகலில் சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, கண்மணி விரிய மருந்து விட்டுக் காத்திருந்து, பன்னிரண்டு மணிக்கு மேல் கருவியின் முன் முகவாயை வைக்கும்போது, வீக்கத்தில் ஒரு பகுதி அதற்குள் வடிந்திருக்கும்.